மார்கழி ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊரில் இவரும், ஏழு வயது மகளும், ஒன்றரை வயது மகனும், கணவரின் அம்மாவான 68 வயது அத்தையும்.

போன கார்த்திகையில் மகளுக்குக் காய்ச்சல். முதல் இரண்டு நாள் மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள், பக்கத்து ஊரில் எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிடும், முன்பு கம்பவுண்டராக இருந்த ஒருவரிடம் ஊசி. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் பள்ளிக்கு அனுப்பினார். மதியமே வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லிட்டுப்போய்ப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. இரண்டு பஸ் மாறி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. டெங்கு. நான்கு நாள் படுக்கை, 42,000 ரூபாய் பில், சங்கிலி அடகுக்கடையில்.

அந்தச் சூடு ஆறுவதற்குள், மார்கழியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அத்தைக்கு மூச்சுத்திணறல். பக்கத்து வீட்டுக் காரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். செவிலியர் ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அதே காரில் மதுரைக்குப் போனார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார்.

"இனிமேல் எதுவானாலும் நேரே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். நடுவில் நின்ற இடமெல்லாம் நேரத்தைத் தின்றதுதான் மிச்சம். இது சரிதானா, டாக்டர்?" என்று கேட்கிறார். கூடவே 108, காப்பீட்டு அட்டை, ஆஸ்பத்திரி தராத ஃபைல் என்று இன்னும் சில கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் கடிதத்தில் 'நான்தான் தப்பு செய்துவிட்டேன்' என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாளாக இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். நடந்ததில் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. ஆனால் அவை நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்கிறீர்கள். ஐப்பசி மழை தொடங்கித் தைப் பனி முடியும் வரை என்னிடம் வருகிற பாதிப் பேர் கேட்பதும் அதுதான். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாவது நாள்? இப்போது உடம்பில் என்ன அறிகுறி தெரிகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், போக வேண்டிய இடம் பெரும்பாலும் தானே தெரிந்துவிடும்.

நாளை எண்ணுங்கள்

உங்கள் வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்கும். காய்ச்சல் தொடங்கிய நாளில் ஒரு வட்டம் போடுங்கள். கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு எவ்வளவு சூடு, என்ன மருந்து, எத்தனை தடவை சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள். மகளை மதுரையில் பார்த்த மருத்துவர், 'காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?' என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். செட் மாத்திரைக்குப் பெயர் கிடையாது. வெட்டிய அட்டையில் நாலு, தாளில் மடித்த இரண்டு என்று கொடுத்தால் யாருக்குத்தான் தெரியும்?

சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு முதல் நாளே எங்கும் ஓட வேண்டியதில்லை. பாராசிட்டமால், கஞ்சி, மோர், ஓய்வு போதும். குழந்தைக்குப் பாராசிட்டமால் அளவை வயதை வைத்துச் சொல்லாமல் எடையை வைத்துச் சொல்வோம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் மகள் 20 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, அதில் பாதி இருப்பதும் உண்டு. பாட்டிலில் உள்ள எண்ணைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, பட்டம் பெற்ற ஒரு கிளினிக் மருத்துவரிடமோ காலையிலேயே போய்விடுங்கள். ரத்த அணு எண்ணிக்கையும், தேவைப்பட்டால் டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனையும் பார்ப்பார்கள். என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பலாம். அதற்குப் பிறகு ஐஜிஎம் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். நாள் எண்ணுவதில் இந்த லாபமும் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் நிம்மதியானீர்கள் அல்லவா, டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். உடம்புச் சூடு இறங்குகிற அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும். உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் சரியும். பிள்ளை விளையாடிக்கொண்டு, பசித்துச் சாப்பிட்டால் பயமில்லை. காய்ச்சல் இல்லாமலே சுருண்டு படுத்தால், வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், மலம் கறுத்துப் போனால், கை கால் ஜில்லிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால் அது அவசரம். அன்று பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது. ஐந்தாம் நாள் மதியம் நீங்கள் பார்த்த அத்தனையும் இந்த வரிசையில் இருக்கிறது.

தட்டணுவை (பிளேட்லெட்)ப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். 62,000-க்கு இறங்கியும் அந்த மருத்துவமனை தட்டணு ஏற்றவில்லை, வேறு இடம் போயிருந்தால் ஏற்றியிருப்பார்கள் என்று உறவினர் சொன்னாராம். ஏற்றாதது சரியான வைத்தியம். ரத்தக்கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போகாமல் பொதுவாக ஏற்றுவதில்லை. உங்கள் மகளைக் காப்பாற்றியது அளந்து அளந்து ஏற்றிய சலைன். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், நான் தடுப்பதில்லை. பப்பாளி இலை தேடி அலைகிற நேரத்தில் பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

அந்த மூன்றாம் நாள் ஊசி என்னவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டைக்லோஃபினாக் மாதிரியான வலி ஊசி டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். புரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நான் ஊசி போடாமல் அனுப்பினால், 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று வாசலில் சொல்லிவிட்டுப் போவார்கள். பரவாயில்லை. மருந்துச் சீட்டில் மருத்துவர் பெயரோடு பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. எண் இல்லாத சீட்டு, அல்லது சீட்டே இல்லாத ஊசி என்றால் அவர் எத்தனை கைராசிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊர் மலையடிவாரம் என்பதால். ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால், அக்குள், இடுப்புக் கயிறு படுகிற இடம், தொடை இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், புதரில் விறகு எடுக்கிறவர்களிடம் இந்த மாதங்களில் அடிக்கடி பார்க்கிறேன். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கே கேட்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும்.

அத்தைக்கு வந்தது வீசிங்தானா?

இது நீங்கள் கேட்காத கேள்வி. கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இதுதான். அத்தைக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, சாயங்காலமானால் கால் வீங்கும் என்றெல்லாம் போகிற போக்கில் எழுதிவிட்டு, 'பனிக்கு வீசிங் வந்துவிட்டது' என்று முடித்துவிட்டீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதயத்தை. இதயம் சரியாக இறைக்காமல் நுரையீரலில் நீர் கோத்தாலும் விசில் சத்தத்தோடு திணறல் வரும். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வந்துபோவது உண்டு. மதுரையில் கொடுத்த சீட்டில் ஈசிஜி, எக்கோ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை தருகிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். 2021-ல் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் மாத்திரை வாசலுக்கு வருவதால் அத்தை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

நிஜமாகவே ஆஸ்துமாவும் இருந்தால், 'பழகிப்போகும்' என்று நிறுத்தி வைத்திருக்கும் இன்ஹேலரை மறுபடி எடுக்க வேண்டும். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்கு. மாத்திரையில் போவதோ மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்க. எதற்குப் பழகிப்போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தினமும் எடுப்பது எது, திணறும்போது எடுப்பது எது, எத்தனை முறை எடுக்கலாம் என்று மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். விடிகாலைப் பனியில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மார்கழியில் நீங்கள் எடுத்துக்கொண்டால், அத்தை கோபித்துக்கொண்டாலும் நுரையீரல் கோபிக்காது. போகியன்று புகைக்கு உள்ளே இருக்கட்டும்.

நேரே மதுரைக்கா?

சுகாதார நிலையத்தில் போன நேரம் வீண் என்கிறீர்கள். அந்தச் செவிலியர் உங்கள் அத்தைக்கு ஆக்சிஜன் கொடுத்தார். அதைக் கொடுக்காமல் செக்கானூரணி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் காரில் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. 24 மணி நேர சுகாதார நிலையங்களில் ராத்திரி பெரும்பாலும் செவிலியர்தான் இருப்பார், மருத்துவரைப் போனில் அழைப்பார். அங்கே அறுவை சிகிச்சையை எதிர்பார்க்க முடியாது. ஆக்சிஜன், நெபுலைசர், சலைன் கிடைக்கும். பிழை நடந்தது அதற்கு அடுத்த கட்டத்தில். அங்கிருந்தே 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் காரில் ஆக்சிஜன் கிடையாது.

108 விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும் என்பது தவறு. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற இந்தச் சேவை மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, பாம்புக்கடி, மயக்கம் என எல்லா அவசரத்துக்கும் வரும். கட்டணம் கிடையாது. வண்டியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருப்பார். போனில் 'கோயில் பக்கத்துத் தெரு' என்றால் கண்டுபிடிக்க மாட்டார்கள், எந்தக் கோயில், எந்த விலக்கு ரோடு என்று சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும். அவசரமா இல்லையா என்றே புரியாத ராத்திரிகளில் 104-க்கு அடித்து ஆலோசனை கேட்கலாம், அதுவும் இலவசம்.

ஆக, எதற்கு எங்கே? மூச்சுத்திணறலுக்கும் பாம்புக்கடிக்கும் ஆக்சிஜனோ விஷமுறிவு மருந்தோ இருக்கும் மிக அருகில் உள்ள இடம், அங்கிருந்து மேலே. மழைக்காலத்தில் வரப்பில் விரியன் கடித்துவிட்டால் மந்திரிக்கவோ கட்டுப்போடவோ ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். நெஞ்சுவலிக்கு ஈசிஜி எடுக்கும் முதல் இடம். பக்கவாதம் மட்டும் வேறு கணக்கு. திடீரென வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குளறினால், சிடி ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லி 108-இடம் கேளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு ஏறுங்கள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை உங்கள் அத்தை இன்னும் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். 'இலவசம் என்றால் கவனிக்க மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, பத்து மாணவர்கள் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பதும் உண்டு, மருத்துவக் கல்லூரி அல்லவா. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கும் பணியில் மருத்துவர், ரத்த வங்கி, தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் அது. டெங்கு முற்றிய பிள்ளைக்கு ஏசி அறையைவிட இவைதான் முக்கியம். சளிக்கும் மூக்கொழுகலுக்கும் அங்கே போய் நிற்காதீர்கள், காத்திருக்கும் கூட்டத்திலேயே புதுக் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும். அதிலும் தை முதல் மூன்று நாள், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. மாடு குத்தி வருகிறவர்களைப் பார்க்கவே அவசரப் பிரிவுக்குக் கை போதாது.

பில், ஃபைல், அட்டை

தனியார் மருத்துவமனை ஃபைலைத் தரவில்லை என்கிறீர்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி, 2002 முதல் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியும், எதற்கு எவ்வளவு என்று பிரித்த பில்லும் உங்கள் உரிமை. சண்டை போட வேண்டாம், தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் போக வேண்டி வராது. அவசர நிலையில் வருகிறவருக்கு உயிர்காக்கும் முதல் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. முன்பணம் இல்லையே என்று வாசலில் தயங்கி நிற்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது எல்லாக் காய்ச்சலுக்குமான அட்டை இல்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், உள்நோயாளியாக இருந்தால்தான். எனவே சேர்க்கும்போதே காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும், பில் வந்த பிறகு நீட்டினால் பலனில்லை.

நீங்கள் கவனிக்காத வேறொன்று இருக்கிறது. கணவருக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி பதிவு செய்திருந்தால் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். அப்படியானால் உங்களுக்கும், பிள்ளைகளுக்கும், அவரைச் சார்ந்து வாழும் அத்தைக்கும் சிகிச்சை உண்டு. மதுரையிலும் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி போனில் பேசும்போது சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 42,000 போகாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சின்னவனுக்கு, அக்காவுக்கு வாங்கிய இருமல் சிரப்பைக் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் கூடாது. சளிக்கு வழக்கமாகத் தரும் குளோர்ஃபெனிரமின், ஃபெனைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. மூக்கில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து, அடிக்கடி தாய்ப்பால் அல்லது வெதுவெதுப்பான நீர், அவ்வளவே. தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அவன் வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், 108.

கடைசியாக, மகளுக்கு ஒரு தடவை டெங்கு வந்துவிட்டதே, இனி வராதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. வந்த வகை திரும்ப வராது, மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் உங்கள் மகளுக்கு மட்டும் மூன்றாம் நாள் வரை காத்திருக்கும் கணக்கு வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் மறுநாள் காலையே காட்டுங்கள். ஓபி சீட்டு போடும்போதே, 'போன வருடம் டெங்கு வந்த பிள்ளை' என்று முதல் வரியாகச் சொல்லுங்கள்.